பிரேசில் டிரம்மரின் ட்ரியோ கச்சேரிக்குப் போகிறேன், அதற்கு முன்னால் எதைக் கேட்க வேண்டும்?

பாதிச்சுருதி:

நேராக விஷயத்துக்கு வருகிறேன். நியூயார்க் வந்து மூன்று வருடம் ஆகிறது, இதுவரை ஒரு ஜாஸ் கச்சேரிக்கும் போனதில்லை. கூட வேலை செய்பவர் ஒருவர், ரியோக்காரர், அடுத்த மாதம் டுடூகா டா ஃபொன்செக்கா ட்ரியோ வாசிக்கிறது, டிக்கெட் எடுத்தாயிற்று, நீயும் வருகிறாய் என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். மறுக்க முகமில்லை, ஏனென்றால் நானும் இசை பிடிக்கும் இசை பிடிக்கும் என்று அவரிடம் நிறைய அளந்திருக்கிறேன்.

எனக்குத் தெரிந்த பிரேசில் இசை என்றால் ஹோட்டல் லிஃப்டிலும் காஃபி கடையிலும் மெதுவாக ஓடிக்கொண்டிருக்குமே, அந்த போஸா நோவா மட்டும்தான். நன்றாகத்தான் இருக்கும், ஆனால் இரண்டு நிமிடத்தில் காதை விட்டுப் போய்விடும். இதில் தலைவரே டிரம்மர் என்றால் என்ன செய்வார்கள்? ஒன்றரை மணி நேரமும் அவர் தனியாக அடித்துத் தள்ளுவாரா? மூன்றே பேரை வைத்துக்கொண்டு சாம்பா எப்படி வரும், சாம்பா என்றால் நூறு பேர் தெருவில் கொட்டிக்கொண்டு போவதல்லவா?

இவர் யார், எங்கிருந்து வந்தார், போவதற்கு முன்னால் என்னென்ன கேட்டுவிட்டுப் போனால் திருதிருவென்று விழிக்காமல் இருக்கலாம், தெரிந்தவர்கள் சொல்லுங்கள். விக்கிப்பீடியாவைப் பார் என்று சொல்பவர்களுக்கு முன்கூட்டியே நன்றி.


பழைய_ரெக்கார்டு:

கொடுத்து வைத்தவர் நீங்கள். உங்கள் நண்பரை விட்டுவிடாதீர்கள்.

டுடூகா 1951-இல் ரியோவில் பிறந்தவர். பதின்மூன்று வயதில் டிரம்ஸ் பக்கம் வந்தார். வருடத்தைக் கணக்குப் பாருங்கள், 1964. அந்த ஊரில் அந்த வயதில் ஒரு பையன் டிரம்ஸ் கற்றுக்கொள்ள அதைவிட நல்ல நேரம் கிடையாது. கோப்பகபானாவில் துவிவியே தெருவை ஒட்டி ஒரு முட்டுச்சந்து உண்டு, பேக்கோ தாஸ் கஹாஃபாஸ், அதாவது பாட்டில் சந்து. பாட்டில்ஸ் பார், லிட்டில் கிளப், பக்காரா என்று கையகலக் கிளப்புகள் வரிசையாக இருந்தன. ராத்திரியெல்லாம் சத்தம் தாங்காமல் மாடி வீட்டுக்காரர்கள் கீழே பாட்டிலை வீசினார்கள், அதனால் அந்தப் பெயர். பாட்டில் விழும் அளவுக்குச் சத்தம் என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள். லிஃப்ட் இசைக்கு யாரும் பாட்டில் எறிவதில்லை.

நீங்கள் கேட்ட "மூன்றே பேர்" கேள்விக்கும் பாதி பதில் அந்தச் சந்தில்தான் இருக்கிறது. மேடை அவ்வளவு சின்னது. பியானோ, டபுள் பாஸ், டிரம்ஸ், அதற்கு மேல் ஆள் நின்றால் வாடிக்கையாளர் மடியில்தான் நிற்க வேண்டும். 1962-இல் லூயிஸ் எஸாவின் டாம்பா ட்ரியோ, கூடவே போஸா ட்ரெஸ், சாவோ பாவ்லோவில் 1964-இல் ஸிம்போ ட்ரியோ என்று ட்ரியோக்கள் மழைக்காளான் மாதிரி முளைத்தன. ஜாஸ் ட்ரியோவின் உடம்பு, சாம்பாவின் நாடித்துடிப்பு. இதைத்தான் சாம்பா ஜாஸ் என்கிறார்கள். போஸா நோவா இதன் கூடப்பிறந்ததுதான், ஆனால் அது அறைக்குள் கிசுகிசுக்கும், இது கதவைத் திறந்து வைத்துக்கொண்டு பேசும்.

இந்தக் கூட்டத்தில் எடிசன் மஷாடோ என்று ஒரு டிரம்மர். டுடூகாவைப் புரிந்துகொள்ள இவரைத் தெரிந்தே ஆக வேண்டும். அதுவரை டிரம்ஸில் சாம்பா வாசித்தவர்களுக்கு ஸ்நேரும் டாமும், அதாவது தோல் போர்த்திய முரசுகள்தான் வயல். மஷாடோ சாம்பாவைத் தூக்கிச் சிம்பலில், அந்த உலோகத் தட்டில், வைத்தார். போர்ச்சுகீசில் பிராட்டோ என்றால் சாப்பாட்டுத் தட்டு, சிம்பலுக்கும் அதே சொல், அதனால் அந்தப் பாணிக்கு "தட்டில் சாம்பா" என்றே பெயர். இதற்கு ஒரு கதை சொல்வார்கள், ஒரு கச்சேரியில் ஸ்நேரின் தோல் கிழிந்துபோக, நிறுத்த மனமில்லாமல் கை சிம்பலுக்குத் தாவியதாம். நிஜமோ கட்டுக்கதையோ, கேட்க நன்றாக இருக்கிறது. நிஜம் என்னவென்றால் 1964-இல் வந்த அவருடைய "எ சாம்பா நோவோ" ரெக்கார்டைப் போட்டால், அந்தச் சிம்பல் முதல் நிமிடத்திலேயே அறையை நிறைத்துவிடும், மற்றவர்களெல்லாம் அதற்குள்தான் நடமாட வேண்டும்.

அடுத்த வருடம் பியானோக்காரர் டோம் சல்வடோர், பாஸில் செர்ஜியோ பஹோஸோ, டிரம்ஸில் மஷாடோ, மூவரும் சேர்ந்து ரியோ 65 ட்ரியோ. இதை மட்டும் நினைவில் வைத்திருங்கள், திரும்ப வருகிறேன்.

டுடூகா இந்த ரெக்கார்டுகளைக் கேட்டுக் கேட்டே வளர்ந்தவர். 1975-இல் நியூயார்க் வந்தார், இங்கேயே தங்கிவிட்டார். எண்பதுகளின் நடுவில் கிட்டார் ரோமேரோ லுபாம்போ, பாஸ் நில்சன் மட்டா இருவரோடும் ட்ரியோ த பாஸ் தொடங்கினார். பாஸ் என்றால் இங்கே அமைதி, வாத்தியம் இல்லை. முதல் ஆல்பம் 1992-இல். பியானோ கிடையாது, நைலான் கம்பிக் கிட்டார், அதன் மேல் ஏறி மிதிக்காமல் டிரம்ஸ் வாசிக்க வேண்டும், அந்தக் கட்டுப்பாடுதான் அவர் கையைச் செதுக்கியது என்பது என் கட்சி. கென்னி பாரன் மாதிரி ஒரு பியானோக்காரர் பிரேசில் ஆல்பம் செய்ய நினைத்தபோது இந்த மூவரைத்தான் கூப்பிட்டார். டுடூகா தன் பெயரில் போட்ட "சாம்பா ஜாஸ் ஃபேன்டஸியா" கிராமி பரிந்துரை வரை போனது. அவர் மனைவி மௌஷா அத்னே பாடகி, போஸா நோவா இசையமைப்பாளர் ஜோபிமின் கடைசிக் காலக் குழுவில் பத்து வருடம் பாடியவர்.

உங்களுக்கு வேண்டியது அவருடைய பியானோ ட்ரியோ. பியானோவில் டேவிட் ஃபெல்ட்மன், பாஸில் கூட்டோ விர்ட்டி, இருவரும் ரியோவில் வாசிப்பவர்கள். இந்த ட்ரியோவில் முதலில் வந்தது 2011-இல் டோனின்யோ ஓர்ட்டாவின் பாடல்கள். ஓர்ட்டா கிட்டார்காரர், மினாஸ் ஜெராய்ஸ் மாநிலத்து ஆள், அவர் இசையில் ரியோவின் வெயில் இருக்காது, மலையும் மேகமும்தான். கிட்டாரில் பிறந்த அந்தப் பாடல்களைக் கிட்டாரே இல்லாத ட்ரியோவில் வாசித்ததை ஒரு குறும்பு என்றுதான் சொல்ல வேண்டும்.

2018-இல் வந்ததுதான் முக்கியம். டோம் சல்வடோரின் பாடல்கள். நினைவில் வைக்கச் சொன்னேன் அல்லவா? மஷாடோ உட்கார்ந்திருந்த அதே நாற்காலியில், ஐம்பது வருடம் கழித்து, அவரைக் கேட்டு வளர்ந்த பையன் உட்காருகிறான். இன்னொரு விஷயம், டோம் சல்வடோரும் 1973-லேயே நியூயார்க் வந்துவிட்டார், 1977 முதல் புரூக்ளின் பாலத்துக்கு அடியில் இருக்கும் ரிவர் கஃபேயில் பியானோ வாசித்தார், பல பத்தாண்டுகள். அங்கே சாப்பிட்டவர்களில் எத்தனை பேருக்குத் தெரிந்திருக்கும், மூலையில் பியானோ வாசிப்பவர் பிரேசில் இசையின் போக்கையே திருப்பியவர் என்று. மஷாடோவும் எழுபதுகளில் இதே ஊருக்கு வந்தார். 1990-இல் ரியோவில் இறந்தார்.

அதனால் கேட்க வேண்டியது இரண்டே இரண்டு. ரியோ 65 ட்ரியோவின் 1965 ரெக்கார்டு, பிறகு டுடூகாவின் 2018 ஆல்பம். இந்த வரிசையில்.


சும்மா_ஒருவன்:

மேலே உள்ளதைப் படித்து முடிப்பதற்குள் கச்சேரியே முடிந்துவிடும். ஒன்றும் கேட்காமல் போங்கள். முதல் தடவை என்பது ஒரே ஒரு தடவைதான் வரும், அதைப் பரீட்சைக்குப் படிப்பது மாதிரி படித்துக் கெடுக்காதீர்கள். பசியோடு மட்டும் போகாதீர்கள், கிளப்பில் ஆளுக்கு இவ்வளவு ஆர்டர் செய்தே ஆக வேண்டும் என்று ஒரு விதி இருக்கும், வெறும் வயிற்றில் அதைக் காக்டெயிலில் கழித்தால் டிரம்மர் இரண்டாகத் தெரிவார்.


இடதுகால்:

சும்மா_ஒருவன் சொல்வதில் பாதி சரி. ஆனால் ஒரே ஒரு விஷயத்தைத் தெரிந்துகொண்டு போவதற்கும் தெரியாமல் போவதற்கும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம், அதை மட்டும் சொல்லிவிடுகிறேன். நான் டிரம்ஸ் வாசிப்பவன், அதாவது வாரக்கடைசியில், பக்கத்து வீட்டுக்காரர் ஊரில் இல்லாதபோது.

சாம்பா இரண்டு எண்ணிக்கை. தகதிமி தகதிமி, அவ்வளவுதான், வேகமாகச் சொல்லிப் பாருங்கள். தெருவில் போகும் சாம்பா பள்ளியில், அதாவது கார்னிவல் ஊர்வலக் குழுவில், சுர்டோ என்று இடுப்பளவு உயரப் பெரிய முரசு இருக்கும். அது முதல் "த"வில் அடங்கி ஒலிக்கும், இரண்டாவது "த"வில்தான் பூமி அதிரத் திறந்து ஒலிக்கும். நாம் பழகிய இசையில் பெரும்பாலும் கனம் முதலில் விழும். இங்கே கனம் இரண்டாவதில். இது காதுக்குப் பழகும் வரை எல்லாமே தலைகீழாகத் தெரியும். நான் முதன்முதலில் ஒரு பிரேசில் கச்சேரியில் முன்வரிசையில் உட்கார்ந்து உற்சாகமாகக் கை தட்டினேன், பக்கத்திலிருந்த அம்மாள் மெதுவாக என் கையைப் பிடித்துக் கீழே வைத்தார். கோபமே இல்லை, குழந்தையின் கையைத் தட்டிலிருந்து எடுப்பது மாதிரி.

சரி, நூறு பேர் எப்படி ஒரு ஆளுக்குள் வருகிறார்கள்? வலதுகால் பாஸ் டிரம்மில், அதுதான் சுர்டோ. ஒவ்வொரு தகதிமியிலும் "த"வையும் "மி"யையும் அது மிதிக்கும், இரண்டாவது "த" கொஞ்சம் கனமாக. இடதுகால் ஹை-ஹாட்டை, ஒன்றின் மேல் ஒன்றாக இருக்கும் ஜோடிச் சிம்பலை, "தி"யில் மூடும். வலதுகை சிம்பலில் விடாமல் ஓடும், அது கிலுகிலுப்பையும் பாண்டேய்ரோவும் (கஞ்சிரா மாதிரி) சேர்ந்தது. இடதுகைதான் சண்டியர். அது டம்போரிம், உள்ளங்கை அளவு சின்னப் பறை, அதன் வேலையே எதிர்பார்க்காத இடத்தில் குத்திவிட்டு ஓடுவது. நான்கும் ஒரே நேரத்தில், நான்கும் வேறு வேறு கதை. டுடூகா பாப் வைனர் என்பவரோடு சேர்ந்து 1991-இல் இதற்கு ஒரு பாடநூலே எழுதியிருக்கிறார். அதை வாங்கி முதல் ஐந்து பக்கத்தைத் தாண்ட எனக்கு நாலு மாதம் ஆனது. காலில் சுளுக்கு ஏறி இரண்டு நாள் நொண்டினேன், வீட்டில் கேட்டதற்கு ஜாகிங் என்று சொல்லி வைத்தேன்.

இதெல்லாம் சரியாக வந்த பிறகும் சாம்பா மாதிரி இருக்காது, அதுதான் கொடுமை. ஏனென்றால் அந்தத் தகதிமி சமமான நான்கு துண்டு இல்லை. கடைசி "மி" தன் இடத்துக்கு மயிரிழை முன்னால் வந்து விழும், அந்த மிச்ச இடத்தில் கொஞ்சம் மூச்சு விட்டு அடுத்த "த"வுக்குப் போவார்கள். வண்டி சக்கரம் துளியூண்டு கோணலாக இருந்தால் வரும் ஆட்டம் மாதிரி. எழுத்தில் போட முடியாது. நோட்டேஷனில் நான்கும் சமமாகத்தான் இருக்கும், வாசிப்பவர் கேட்டுக் கேட்டுத்தான் அதைக் கோணலாக்கிக்கொள்ள வேண்டும். பழைய_ரெக்கார்டு சொன்ன அந்த இரண்டு ஆல்பங்களையும் ஓடவிட்டு, மற்றதையெல்லாம் மறந்துவிட்டு இந்த "மி"யை மட்டும் துரத்திப் பாருங்கள்.


பாதிச்சுருதி:

எல்லோருக்கும் நன்றி. மன்னிக்கவும் சும்மா_ஒருவன், நான் படித்துவிட்டுத்தான் போவேன், பள்ளியிலிருந்து வந்த வியாதி.

நேற்று ரயிலில் ரியோ 65 ட்ரியோ கேட்டேன். லிஃப்ட் என்று சொன்னதற்கு வெட்கப்படுகிறேன். முதல் பாட்டிலேயே அந்தச் சிம்பல் காதுக்குப் பக்கத்தில் வந்து உட்கார்ந்துவிட்டது, பியானோக்காரர் அதைத் துரத்திக்கொண்டு ஓடுகிறாரா அல்லது அது அவரைத் துரத்துகிறதா என்றே தெரியவில்லை. இரண்டாவது "த" பிடிபட்டது, கொஞ்ச நேரம். பிறகு பாஸ்காரர் ஏதோ செய்தார், கைவிட்டுப் போய்விட்டது, நான் இறங்க வேண்டிய ஸ்டேஷனும் போய்விட்டது.

இப்போது என் சந்தேகம். நம் கச்சேரிகளில் மிருதங்கத்துக்குத் தனி ஆவர்த்தனம் என்று ஒரு இடம் வைத்து விடுவார்கள். இங்கே டிரம்மரே தலைவர் என்றால் அந்த மாதிரி ஒரு பெரிய தனி இருக்குமா? இந்த ரெக்கார்டில் மஷாடோவுக்குத் தனியாக விட்ட இடம் மிகக் குறைவாகத்தானே இருக்கிறது? அப்படியானால் ஒரு டிரம்மர் தலைவராக இருப்பதற்கு என்ன அர்த்தம்?


மழைக்குருவி77:

இவ்வளவு பேர் பேசி ஏர்ட்டோ மொரேய்ரா பெயரை ஒருவர்கூடச் சொல்லவில்லை என்றால் எனக்கு ஆச்சரியம்தான். பிரேசில் டிரம்மர் என்றால் உலகத்துக்குத் தெரிந்த பெயர் அது. அவரும் ஒரு ட்ரியோவில் தொடங்கியவர்தான், 1964-இல் சாம்பலான்ஸோ ட்ரியோ, பியானோவில் செஸார் கமார்கோ மரியானோ. பிறகு எர்மேட்டோ பாஸ்கோவாலோடு குவார்ட்டேட்டோ நோவோ, 1967-இல் ஒரே ஒரு ஆல்பம். அங்கிருந்து அமெரிக்கா. டிரம்பெட்காரர் மைல்ஸ் டேவிஸின் குழு, வெதர் ரிப்போர்ட் என்ற ஜாஸ் குழுவின் முதல் ஆல்பம், 1972-இல் பியானோக்காரர் சிக் கொரியாவின் ரிட்டர்ன் டு ஃபாரெவர் குழுவில் பாடகியான மனைவி ஃப்ளோரா பூரிமோடு டிரம்ஸ். வெதர் ரிப்போர்ட்டில் அவர் விட்டுப்போன இடத்துக்கு வந்தவரும் பிரேசில்காரர்தான், டோம் உம் ஹொமாவோ, அதற்கு முன்னால் சினாட்ராவும் ஜோபிமும் சேர்ந்து போட்ட 1967 ஆல்பத்தில் டிரம்ஸ் வாசித்தவர்.

நான் சொல்ல வருவது இதுதான். டுடூகா அருமையான வாத்தியக்காரர், சந்தேகமே இல்லை, ஆனால் அவர் செய்வது ஒரு பழைய வீட்டை அழகாகப் பராமரிப்பது. ஏர்ட்டோ வீட்டை விட்டு ஓடிப்போய் வேறு ஊரில் வேறு வீடு கட்டியவர். முதல் தடவை கேட்கும் ஒருவருக்கு இதையும் சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் பிரேசில் டிரம்ஸ் என்பது 1965-இல் நின்றுவிட்டது என்று நினைத்துக்கொள்வார்.


பழைய_ரெக்கார்டு:

ஏர்ட்டோவை விட்டது என் தப்புதான், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் ஒன்று, அமெரிக்காவில் அவருக்குப் பெயர் வந்தது பெரும்பாலும் பெர்குஷனுக்கு. மைல்ஸ் அவரை டிரம்ஸ் நாற்காலியில் உட்கார வைக்கவில்லை, அங்கே ஜாக் டிஜானெட் இருந்தார். ஏர்ட்டோ கூயிகாவும் (உள்ளே குச்சியைத் தேய்த்து முனக வைக்கும் முரசு) மணியும் கிலுகிலுப்பையும் வைத்துக்கொண்டு ஓரத்தில் தரையில் உட்கார்ந்து மாயம் செய்தார். ட்ரியோ கச்சேரிக்குப் போகிறவருக்கு அது நேராக உதவாது என்பதால் தள்ளி வைத்தேன்.

"பழைய வீட்டைப் பராமரிப்பது" என்பதை மட்டும் ஏற்க முடியாது. 1964-இல் பிரேசிலில் ராணுவ ஆட்சி வந்தது, 1985 வரை இருந்தது. அறுபதுகளின் பின்பாதியில் ரசிகர்களின் கவனம் டிவி பாட்டுப் போட்டிகளுக்கும் எலக்ட்ரிக் கிட்டாருக்கும் போனது, பாட்டில் சந்து மங்கியது, வாத்தியக்காரர்கள் கொத்துக் கொத்தாக அமெரிக்காவுக்கும் ஐரோப்பாவுக்கும் போனார்கள். அந்த இசைக்கு அதன் சொந்த ஊரிலேயே மேடை குறைந்துபோனது. அப்படிப்பட்ட ஒன்றை ஒருவர் இன்னொரு நாட்டில் உட்கார்ந்து, அடுத்த தலைமுறை ரியோ பையன்களைக் கூப்பிட்டுக் கூட வைத்து வாசிக்கிறார் என்றால் அது பராமரிப்பு இல்லை, வீடே இல்லாத இடத்தில் வீடு. 2018 ஆல்பத்தைக் கேளுங்கள், மஷாடோவை நகல் எடுக்கவே இல்லை. மஷாடோ கொட்டுவார், இவர் தூவுவார். நியூயார்க்கில் இத்தனை வருடம் ஸ்விங், அதாவது அமெரிக்க ஜாஸின் நடை, வாசிப்பவர்களோடு பழகிய கை, அது சிம்பலில் தெரியும்.

1965-இல் நின்றுவிடவில்லை என்பதற்கு இன்னொன்றும் சொல்கிறேன். சாவோ பாவ்லோவில் ட்ரியோ கொஹெண்டே, டிரம்ஸில் எடு ஹிபேய்ரோ. கியூபா சாக்ஸஃபோன்காரர் பகீட்டோ டிரிவேராவோடு சேர்ந்து அவர்கள் போட்ட ஆல்பம் 2014-இல் கிராமி வாங்கியது. மழைக்குருவி77, உங்களுக்குப் பிடிக்கும்.


மழைக்குருவி77:

கேட்டிருக்கிறேன், பிடிக்கும். "மஷாடோ கொட்டுவார், இவர் தூவுவார்" என்பதற்காக மட்டும் வீட்டு வாதத்தை வாபஸ் வாங்குகிறேன். ஏர்ட்டோவை வாபஸ் வாங்க மாட்டேன்.


இடதுகால்:

பாதிச்சுருதி, உங்கள் தனி ஆவர்த்தனக் கேள்வி நல்ல கேள்வி, அதை யாரும் தொடவில்லை, சண்டை சுவாரஸ்யமாகப் போனதால்.

பொதுவாக ஜாஸ் ட்ரியோவில் டிரம்ஸுக்குத் தனி இடம் இரண்டு விதம். ஒன்று, பாட்டின் கடைசிப் பக்கத்தில் மாற்றி மாற்றி வாசிப்பது, பியானோ நான்கு பார் (தாளச் சுற்று), டிரம்ஸ் நான்கு பார் அல்லது எட்டெட்டு. இன்னொன்று, முழுப் பாட்டின் நீளத்துக்கு டிரம்ஸ் மட்டும், ஆனால் பாட்டின் மெட்டு அவர் தலைக்குள் ஓடிக்கொண்டே இருக்கும், மற்ற இருவர் தலைக்குள்ளும்தான், அதனால்தான் கைகூடக் காட்டாமல் சரியான இடத்தில் மூவரும் விழுவார்கள். ஆனால் மிருதங்கத்தோடு ஒப்பிட்டு உட்கார்ந்தால் ஏமாறுவீர்கள். கோர்வை, முத்தாய்ப்பு, மூன்று தடவை வந்து சமத்தில் சேருவது, அந்தக் கணக்குச் சுகம் இங்கே வேலை செய்யாது. இங்கே சுகம், எவ்வளவு நேரம் ஒரே அடியை அலுக்காமல் வைத்திருக்க முடியும் என்பதில்.

தலைவராக இருப்பதற்கு என்ன அர்த்தம் என்றால், எந்தப் பாட்டு, எந்த வேகம், எவ்வளவு சத்தம், மூன்றும் அவர் கையில். மூன்றாவதுதான் பெரியது. பியானோக்காரர் மெல்ல வாசிக்க விரும்பினாலும் டிரம்மர் விடாவிட்டால் முடியாது. பிரஷ் எடுக்கிறாரா, குச்சி எடுக்கிறாரா, குச்சியைப் படுக்க வைத்து ஸ்நேரின் விளிம்பில் "டொக்" என்று தட்டுகிறாரா, அந்த ஒரு முடிவில் அறையின் வெப்பநிலையே மாறும். போஸா நோவாவில் கேட்பீர்களே அந்த "டொக்", அதை அவ்வளவு மெல்லமாகத் தட்ட முடியும் என்று காட்டியவர் மில்டன் பனானா, 1962-இல் கார்னகி ஹால் மேடையிலும் பிறகு சாக்ஸஃபோன்காரர் ஸ்டான் கெட்ஸும் ஜில்பர்ட்டோவும் சேர்ந்து போட்ட ரெக்கார்டிலும் போஸா நோவா பாடகர் ஜுவாவோ ஜில்பர்ட்டோவுக்குப் பின்னால் இருந்தவர். இருக்கிறாரா என்றே தெரியாது, அவர் நிறுத்தினால்தான் தெரியும்.

கடைசியாக, எங்கே உட்காருவது. மேடைக்கு நடுவில் வேண்டாம், பாஸ் டிரம் முன்னால் நின்று காலை மறைத்துவிடும். ட்ரியோவில் பெரும்பாலும் பியானோ ஒரு ஓரம், டிரம்ஸ் மறு ஓரம், டிரம்மர் பியானோவைப் பார்த்துக் கொஞ்சம் திரும்பி உட்காருவார். ஹை-ஹாட் இருக்கும் பக்கமாக இடம் பிடியுங்கள். கையை எல்லோரும் பார்ப்பார்கள், நீங்கள் அந்த இடதுகாலைப் பாருங்கள். என் பெயருக்காகச் சொல்லவில்லை. பாட்டு எங்கே போனாலும், எவ்வளவு சிக்கலானாலும், அந்தக் குதிகால் ஒரு தையல் மெஷின் மிதிப்பவர் மாதிரி போய்க்கொண்டே இருக்கும்.


சும்மா_ஒருவன்:

நான் சொன்னதைக் கேட்காமல் இவ்வளவு படித்ததற்குத் தண்டனையாகக் கச்சேரி முடிந்து இங்கே வந்து எழுத வேண்டும். சுருக்கமாக.


பாதிச்சுருதி:

எழுதுகிறேன், கட்டாயம்.

இன்று மதியம் சாப்பாட்டு மேசையில் நண்பரிடம் பெருமையாகத் தகதிமி தகதிமி என்று தட்டிக் காட்டினேன், இரண்டாவது "த"வில் கனமாக. அவர் கொஞ்ச நேரம் பார்த்தார். சரிதான், ஆனால் நீ கணக்குப் போடுகிறாய் என்று உன் நெற்றியில் தெரிகிறது என்றார். பிறகு அவர் ஒரு முட்கரண்டியை எடுத்து டம்ளரில் தட்டினார் பாருங்கள், பக்கத்து மேசையில் இருந்தவர்கள் பேச்சை நிறுத்திவிட்டார்கள். அந்த "மி" நிஜமாகவே முன்னால் வந்துதான் விழுகிறது. கேட்டேன், பார்த்தேன், திரும்ப என்னால் செய்ய முடியவில்லை.

உனக்கு யார் சொல்லிக் கொடுத்தது என்று கேட்டால், யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை, வீட்டில் அப்பா ஞாயிற்றுக்கிழமை ரெக்கார்டு போடுவார் என்றார். எந்த ரெக்கார்டு என்று கேட்டேன். ரியோ 65.

ராத்திரிக்கு இரண்டு செட் இருக்கிறதே, நாம் எதற்குப் போகிறோம் என்று விசாரித்தேன். இரண்டுக்கும் எடுத்திருக்கிறாராம்.